குடும்ப வாசிப்பு நட்சத்திரம்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரைப் போல, ஏமாளியும் ஏமாற்றுக்காரரும் ஒரே உடம்பில் குடியிருக்கும் கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரே வருடம் அவர்களோடு பழகியதில் மனிதர்கள்மேல் எனக்கிருந்த மரியாதையில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை என்மேல் வைத்திருந்தேன். அது எப்படிப் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. மனைவிக்கு மதுக்கரையில் வேலை. காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறித் திரும்பி வரும்போது இருட்டிவிடும். நான் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவன். அவ்வப்போது சொந்தமாகவும் எழுதுவேன். வீட்டில் இருப்பவனுக்கு வேலை இல்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆகவே ஒரே மகளின் பள்ளிக்கூட விவகாரம் முழுக்க என் தலையில் விழுந்தது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அத்தனை பேரும் அம்மாக்கள். நான் ஒருவன்தான் அப்பா.

பள்ளியில் பாடம் நடந்ததோ இல்லையோ, ஆக்டிவிட்டி நடந்தது. திங்கட்கிழமை நீர்ச்சுழற்சி மாடல், வியாழக்கிழமை சிறுதானிய நாள், அடுத்த வாரம் விவசாயி வேடம். விவசாயி வேடத்தன்று பள்ளி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். தோட்டத்தை வீட்டுமனையாக சைட் போட்டு விற்றுவிட்டு வில்லாவுக்குக் குடிவந்தவர்களின் பிள்ளைகள், தலையில் துண்டு கட்டி, கையில் பிளாஸ்டிக் அரிவாளோடு காரிலிருந்து இறங்கினார்கள். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று ஒரு பையன் அழுதான். அவனுடைய அப்பாவுக்கும் வேட்டி கட்டத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த வாட்ச்மேன் கட்டிவிட்டார்.

மாடல்களைச் செய்யப் பிள்ளைகளும் தேவையில்லை, பெற்றோரும் தேவையில்லை. மெயின் ரோட்டில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் இருந்தது. உள்ளே போனதுமே கடைக்காரர் கேட்பார்.

“மூணாவதுங்களா? அப்ப இந்த வாரம் நீர்ச்சுழற்சிங்க. சாதாவுங்களா, லைட் எரியறதுங்களா?”

சாயங்காலம் குழுவில் படங்கள் வந்து விழும். ‘பாப்பாவே செஞ்சதுங்க’, ‘தம்பி ராத்திரி தூங்காம செஞ்சானுங்க’ என்று கீழே எழுதியிருக்கும். எல்லாவற்றிலும் ஒரே மேகம், ஒரே மலை, ஒரே நீலத் தெர்மாகோல். ஒரு படத்தில் கடையின் ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை. நான் மட்டும் முதல் தடவை யோக்கியனாக இருந்து பார்த்தேன். மகளையே அட்டை வெட்ட வைத்தேன். அவள் செய்த சூரியன் ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. கண்காட்சியில் அதைக் கடைசி வரிசையில், குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அடுத்த தடவை நானும் லைட் எரிவதையே வாங்கினேன். ஊரே இப்படி இருக்கும்போது குழந்தை ஏன் பலியாக வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் பள்ளியின் கரெஸ்பாண்டென்ட் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு ஒரு திட்டத்தோடு வந்தார். ‘குடும்பத்தோடு வாசிப்போம்’ என்று பெயர். தினமும் இருபது நிமிடம் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையைத் தமிழ்க் கதைப் புத்தகம் வாசிக்க வைக்க வேண்டும். டைரியில் அந்தந்தத் தேதிக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கத்தைக் குழந்தை வாசிப்பதை வீடியோ எடுத்துக் குழுவில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர்.

திட்டத்தில் தப்பில்லை. தப்பு செய்ய நாங்கள் இருந்தோமே.

குழுவுக்குத் தலைவி மாதிரி ஓர் அம்மணி இருந்தார். கணவருக்கு ஸ்பின்னிங் மில். அவர்களுடைய முதல் வீடியோவே காங்கேயத்துப் பக்கம் இருக்கும் தோப்பில் எடுக்கப்பட்டிருந்தது. மேலிருந்து ட்ரோன் இறங்கி வருகிறது. கீழே பையன் பட்டு வேட்டியில், ஒரு காங்கேயம் காளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வாசிக்கிறான். பின்னணியில் வீணை. அந்த வீடியோவில் இயல்பாக இருந்தது காளை ஒன்றுதான். ஆனால் அதற்கப்புறம் யாரும் சும்மா சோபாவில் உட்கார வைத்து எடுக்கவில்லை. ஒருவர் ஈச்சனாரி கோயில் வாசலில் எடுத்தார். ஒருவர் நீச்சல் குளத்துக்குள் பிள்ளையை நிறுத்தி எடுத்தார். புத்தகம் நனைந்ததைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

எனக்கு இதெல்லாம் அருவருப்பாக இருந்தது. எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன் வீட்டு வீடியோ வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ட்ரோன் வேண்டாம், பட்டு வேண்டாம், உச்சரிப்பு சுத்தமாக இருந்தால் போதும். லகரமும் ழகரமும் அதனதன் இடத்தில் விழ வேண்டும். அதற்காக ஒரு முறை வைத்திருந்தேன். நான் ஒரு வரி வாசிப்பேன், மகள் திருப்பிச் சொல்வாள். பக்கம் முழுவதும் அப்படி ஐந்தாறு தடவை. அப்புறம் போனைத் தூக்கிப் பிடிப்பேன். எங்கேயாவது தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ ஒரு குறையும் இல்லாமல் வந்துவிடும்.

“படிக்கற மாதிரி இருக்கக் கூடாது கண்ணு. கதை சொல்ற மாதிரி இருக்கோணும். தலைய நிமித்திக்க,” என்று நானே சொல்லிக்கொடுத்தேன்.

அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, என்ன அழகாகச் சொன்னாள்! குழுவில் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. ‘சூப்பருங்க’, ‘செய்தி வாசிக்கறவங்க மாதிரியே இருக்குதுங்க’, ‘அப்பா எழுத்தாளருங்கல்ல, அதானுங்க’. இந்தப் புகழ்ச்சியின் மதிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். பூனை படத்துக்கும் இதே பொம்மைகளைத்தான் போடுவார்கள். இருந்தாலும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

தினசரி இருபது நிமிடம் என்பதை நாங்கள் ஒருநாளும் செய்யவில்லை. மாதக் கடைசியில் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு முப்பது கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவேன். மற்றவர்கள் ஒரே பேனாவில் போட்டு அசடு வழிவார்கள். நான் நான்கு நாள் நீலம், இரண்டு நாள் கறுப்பு என்று மாற்றிப் போட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

வகுப்பு ஆசிரியை இளம்பெண். குரலே எழும்பாது. வாசலில் பார்க்கும்போதெல்லாம், “பாப்பா நல்லாப் பேசறாங்க சார். வாசிக்கறது மட்டும் ஊட்டுல கொஞ்சம் பாத்துக்குங்க,” என்பார். “பாத்துக்கறனுங்க,” என்பேன். எங்கள் ஊரில் “சாப்ட்டீங்களா” என்று கேட்பதும் இதே குரலில்தான். அதற்கு யாரும் நின்று யோசித்துப் பதில் சொல்வதில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, குடும்ப வாசிப்பு நாள். அதிக நட்சத்திரம் வாங்கிய ஐந்து குழந்தைகள் பெற்றோரோடு மேடையில் நின்று வாசிக்க வேண்டும். எங்கள் மகளும் ஐவரில் ஒருத்தி. மேடையில் ‘வீடே முதல் பள்ளி’ என்று பூக்களால் எழுதியிருந்தார்கள். பெற்றோரின் வேலை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது. குடும்பப் பங்களிப்பு என்று அதற்குப் பெயர்.

எங்களுக்குக் கொடுத்தது ஒரு கதைத்தொகுப்பில் யானைக்குட்டி ஆற்றுக்குக் குளிக்கப் போகும் கதை. வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தேன். மைக் பையன் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருக்க, நான் புத்தகத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். பக்கத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் முகமும் தெரியவில்லை, எல்லோர் முகத்துக்கு முன்னாலும் ஒரு போன். தன் பிள்ளை மேடையில் இல்லாதவர்கள்கூட எதையோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களை என்ன வார்த்தையால் எழுதலாம் என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தபோது மகள் பாதிக் கதைக்கு வந்துவிட்டாள். யானைக்குட்டி தும்பிக்கையில் தண்ணீரை உறிஞ்சி அம்மாவின்மேல் அடித்தது. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே புத்தகத்தைக் குனிந்து பார்த்தேன்.

அதில் யானை இல்லை. ஒரு பஸ் இருந்தது. படியில் விசில் ஊதிக்கொண்டு ஒரு கண்டக்டர் நின்றார். பக்கம் தப்பு. மகள் அந்தக் கண்டக்டருக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, யானை கரையேறியதையும், வெயிலில் காய்ந்ததையும், வீடு திரும்பியதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

கைதட்டல் நிற்கவே இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. “இதுதானுங்க குடும்பம்!” என்று கரெஸ்பாண்டென்ட் மைக்கில் உருகினார். ‘குடும்ப வாசிப்பு நட்சத்திரம்’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்த சான்றிதழை என் கையிலும் மகள் கையிலும் சேர்த்துக் கொடுத்தார். மேடைப்படிக்குப் பக்கத்தில் நின்ற ஆசிரியை மட்டும் என் கையில் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உடனே திரும்பி, மிச்சமிருந்த சான்றிதழ்களை அடுக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதே புத்தகத்தில் வேறொரு பக்கத்தைத் திறந்தேன்.

“இதப் படி கண்ணு.”

அவள் பக்கத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பயமெல்லாம் இல்லை. இது என்ன புது வழக்கம் என்பது போலப் பார்த்தாள்.

“இது நீங்க இன்னும் சொல்லித் தரலீங்களேப்பா.”

‘கிணறு’ என்ற சொல்லின்மேல் விரல் வைத்துக் காட்டினேன். படத்தில் ஒரு குருவி இருந்தது. “குருவி,” என்றாள். அடுத்த சொல்லுக்கு, “மரம்.” தனித்தனி எழுத்துகளில் பாதி தெரிந்தது. சேர்த்துப் படிக்க வரவில்லை. இன்னும் நான்கு மாதத்தில் அவள் நாலாவது போக வேண்டும். அங்கே எல்லாப் பாடத்தையும் தானாக வாசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது. இந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அன்று மத்தியானமே பள்ளிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம். தெர்மாகோல், ட்ரோன், பூவால் எழுதிய முதல் பள்ளி, ஒன்றையும் விடவில்லை. வருஷம் முழுவதும் ஒரு குழந்தைக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்பதைக்கூட கவனிக்காமல் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்த உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று முடித்திருந்தேன். ஒற்றுப்பிழை ஒன்றும் கிடையாது. மனைவி வந்ததும் நடந்ததைச் சொல்லி, கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். அவள் நின்றபடியே முழுவதையும் படித்தாள்.

“ஏனுங்க, வாரத்துல ஆறு நாள் நான் பஸ்ல கெடக்கறேன். ஊட்டுல இருந்தது நீங்கதானுங்களே. நீங்க என்னத்தப் பாத்தீங்க?”

கடிதத்தைத் திரும்ப வாங்கி, அதில் இன்னொரு பத்தி சேர்த்தேன்.

திங்கட்கிழமை கடிதத்தோடும் டைரியோடும் பள்ளிக்குப் போனேன். டைரியை ஒரு சாட்சியாக எடுத்துப் போனேன். இதில் ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது நீங்கள் எங்களை எச்சரித்ததுண்டா என்று கேட்டு மேஜைமேல் போடுவதாகத் திட்டம். ஆசிரியை வகுப்பில் தனியாக இருந்தார். கேட்டேன், போட்டேன்.

அவர் எதிர்த்துப் பேசவில்லை. “எனக்குத் தெரியுமுங்க சார். ஜூலையிலயே தெரியுமுங்க,” என்றார். டைரியை எடுத்து, ஜூலை மாதத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

கீழே, பென்சிலால் எழுதியது போல மெல்லிய நீல மையில் ஒரு வரி இருந்தது. ‘பாப்பாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. வீட்டில் தினமும் கொஞ்சம் கவனித்தால் நன்றாக இருக்கும்.’ அதற்குக் கீழே ‘பெற்றோர் படித்தார்’ என்று அச்சடித்த இடத்தில் என் கையெழுத்து. ஆகஸ்டில் அதே வரி, அதே இடத்தில் என் கையெழுத்து. செப்டம்பரிலும். ஜனவரியில் அவர் ‘தயவுசெய்து’ என்ற வார்த்தையைச் சேர்த்திருந்தார். அங்கே கறுப்புப் பேனாவில் போட்டிருந்தேன்.

மற்றவர்கள் எழுதியதில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் கண்டுபிடித்துக் காசு வாங்குகிறவன் நான். என் பிள்ளையைப் பற்றி எழுதிய ஒரு வரியை ஏழு மாதம் படிக்கவில்லை.

“நேர்ல நல்லா அழுத்திச் சொல்லியிருக்கலாமேங்க,” என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

“சொன்னனுங்க சார். பாத்துக்கறனுங்கன்னு சொன்னீங்க. அதுக்கு மேல எப்பிடீங்க சொல்றது? பேரண்ட்ஸ் சங்கடப்படற மாதிரி பேசக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. நீங்க வேற எழுதறவங்க. ஊட்டுல பாக்காமயா இருப்பீங்கன்னு நெனச்சுப்போட்டேன்.”

கடிதத்தைக் கொடுக்கவில்லை. சட்டைப்பையில் இருந்தது, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தினமும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நாளைக்கு நான்கு வரி போதும். குழந்தையையே எழுத்துக்கூட்ட விட வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது, முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. அந்தத் தாளை அங்கேயே நின்று முழுவதும் படித்தேன்.

அதற்குள் மேடை வீடியோ குழுவில் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல், ‘என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது. மேடையில் சொன்னது மனப்பாடம். இனி ஆசிரியை எழுதிக் கொடுத்தபடி வீட்டில் வாசிக்கப் பழகுவோம், வீடியோ அனுப்பப் போவதில்லை’ என்று எழுதிப் போட்டேன். யாரோ ஒரு கும்பிடு பொம்மை போட்டார்கள். அதன்கீழே யாரோ பிரதோஷ வாழ்த்துப் போட்டு என் செய்தியை மேலே தள்ளினார்கள். அரை மணி கழித்து ஸ்பின்னிங் மில் அம்மணி தனியாக போன் செய்தார்.

“ஏனுங்க, அதயெல்லாம் குரூப்ல போடுவாங்களா? பாப்பா பேரு கெட்டுப் போகாதுங்களா?” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எம்பட பையனுக்கும் அப்பிடித்தானுங்க. நீங்க ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. டீச்சரம்மா என்னமோ எழுதிக் குடுத்தாங்கன்னீங்களே, அத எனக்கொரு போட்டோ எடுத்து அனுப்பறீங்களா?”

அனுப்பினேன். அவரைப் பற்றி நான் எழுத வைத்திருந்த கேலிகளில் பலவற்றை அதற்கப்புறம் பயன்படுத்த மனம் வரவில்லை. ட்ரோனை மட்டும் விட முடியவில்லை, அதனால் மேலே எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மகள் பள்ளியிலிருந்து வந்து பால் குடித்ததும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். போனை வேறு அறையில் வைத்துவிட்டேன். ஆசிரியை எழுதியதெல்லாம் மனதில் இருந்தது. ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். கண்டக்டர் இருந்த பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். முதல் வரி, ‘பஸ் கண்டக்டர் விசில் ஊதினார்.’

அவள் பக்கத்தைப் பார்த்தாள், நிமிர்ந்தாள், “பஸ்,” என்றாள். சரி. மறுபடி குனிந்து நிமிர்ந்தாள். “கண்டக்டர்.” சரி. “விசில்.” அதுவும் சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே நாளில் வந்துவிட்டதே, இதற்குப் போயா இத்தனை கலவரம் என்று தோன்றியது. என் மகள் அல்லவா என்றும் தோன்றியது, அதையும் ஏன் மறைக்க வேண்டும்.

அவள் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டாள்.

“அப்பா, நீங்க அக்கட்டால திரும்பி உக்காருங்க.”

“ஏன் கண்ணு?”

“நீங்க வாய ஆட்டறீங்க. எப்பவும் ஆட்டறீங்க, போன் புடிச்சுட்டு நிக்கறப்பவும். உங்க வாயப் பாத்தா எனக்கு வந்துருது. புஸ்தகத்தப் பாத்தா வரதில்லீங்கப்பா.”

நான் வாயசைப்பேன் என்பதே எனக்குத் தெரியாது. வருஷம் முழுக்க அவள் தலையை நிமிர்த்தி வாசித்தது என் உதடுகளை. அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வது போலச் சொன்னாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பின்னால் பக்கத்தின்மேல் விரல் நகரும் ஓசை மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, “ஊ,” என்றாள். நின்றாள். “ஊ... தி...” மறுபடி நின்றாள். அடுத்த எழுத்து என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

“அப்பா, திரும்பீராதீங்க,” என்றாள்.

நான் திரும்பவில்லை.